போன் அடிக்கிறோம் என்றார்கள்

கம்பெனி முன்கூட்டியே சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னது. மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, மறுபடியும் மலாயில். ஆனால் அதே கம்பெனிதான், குலுக்கலில் ஒரு மோட்டார் சைக்கிள் எனக்காகக் காத்திருக்கிறது என்றும், நட்சத்திரக் குறியை அழுத்தினால் பாட்டு வரும் என்றும், என் ராசிக்கு இன்று எந்த நிறம் நல்லது என்றும் நாள் தவறாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஓர் உண்மையைச் செருகி அனுப்பினால் அதை யார் பிரித்துப் படிப்பார்கள்? நான் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடுவேன். தொழிற்சாலை பஸ்ஸில் கடல் பாலத்தைக் கடக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.

செருகப்பட்ட உண்மை இதுதான். எங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. பழைய சிம் கார்டுகள் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு உயிரோடு இருக்காது. புதிய கார்டு இலவசம். ஆனால் அந்தப் புதிய கார்டு என்னுடையதைப் போன்ற பட்டன் போனில் வேலை செய்யாது. அதாவது இலவசமாக ஒன்றைக் கொடுத்து, காசு கொடுத்து இன்னொன்றை வாங்க வைப்பார்கள்.

இதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. புக்கிட் தெங்காவில் போன்களுக்கு பிளாஸ்டிக் உறை வார்க்கும் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன் நான். ஓர் அச்சு இன்னும் பல வருடம் உழைக்கும் நிலையில் இருக்கும்போதே, அதைக் கழற்றி மூலையில் வை, புது மாடலுக்கு அச்சு வருகிறது என்று உத்தரவு வரும். கழற்றி எண்ணெய் பூசி வைப்போம். மறுபடி யாரும் அதைக் கேட்டதில்லை. பழுதானதைச் சரி செய்வது எங்கள் பிரிவின் வேலை. பழுதாகாததைத் தூக்கிப் போடச் சொல்வது வேறொரு பிரிவின் வேலை. அவர்களுக்குச் சம்பளம் அதிகம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே என் போன் மட்டும் நான் சாகும்வரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே விழுந்தால் பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் ஓடும். பொறுக்கிச் சேர்த்தால் பேசும். அதற்கு மேல் ஒரு போனிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பத்து காவான் என்கிற ஊரில் இன்ஜினியராக இருக்கிறாள். காரை அவளே ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். இதற்கு முன்னால் இரண்டு இடங்கள் வந்து, சாப்பிட்டு, போய்விட்டன. எங்கள் ஆட்களிடையே பெண் பார்க்க வருகிறவர்கள் வந்த இடத்தில் பதில் சொல்வதில்லை. எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைச் சரி செய்துகொண்டு, "போயிட்டு போன் அடிக்கிறோம்ங்க" என்பார். பிடித்திருந்தால் ஒரு வாரத்துக்குள் போன் வரும். பிடிக்காவிட்டால் வராது. வேண்டாம் என்று சொல்வதற்காக யாரும் போன் அடிப்பதில்லை. அது மரியாதைக் குறைவு. போன் வராததுதான் பதில். பெண் வீட்டார் தாங்களாகக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்கவும் கூடாது. கேட்டால் பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிறோம் என்று அர்த்தம். ஜாதகத் தாளின் கீழே வீட்டுத் தலைவரின் நம்பரைத்தான் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது என் நம்பர்.

முதல் இடத்திலிருந்து போன் வராதபோது என் மனைவி மகளின் கண்ணாடியைக் குறை சொன்னாள். இரண்டாவது இடம் பேசாமல் இருந்துவிட்டபோது மகளின் சம்பளத்தைக் குறை சொன்னாள். இவ்வளவு வாங்குகிறேன் என்று அவர்களிடம் யார் சொல்லச் சொன்னது என்றாள். கோயிலில் பார்க்கிற பெண்கள் எதுவும் கேட்காமல் தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து மகளைப் பார்த்தார்கள். என் மனைவியின் அண்ணி கெடாவிலிருந்து வந்து, கும்பிட வேண்டிய கோயில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். நான் என் பங்குக்கு டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அவ்வளவுதான். ஆள் இறந்த வீட்டில் அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது இடம் புக்கிட் மெர்தாஜாம் ஊரிலிருந்து வந்தது. பையனுக்கு வங்கியில் வேலை. அம்மா கலகலப்பான பெண்மணி, எங்கள் வீட்டு உளுந்து வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையனும் மகளும் வெளியே வராந்தாவில் நின்று பேசினார்கள். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வராந்தா என்பது எல்லார் வீட்டுத் துணியும் காய்கிற இடம். யார் வீட்டுப் போர்வைக்கோ பின்னால் நின்றுகொண்டு அவள் ஏதோ சொல்ல அவன் சிரித்தான். என் மனைவி சமையலறையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்து என் முழங்கையைத் தொட்டாள். எனக்கும் இந்த இடம் அமைய வேண்டும் என்று இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, ரொம்பவே இருந்தது.

அன்று இரவு மனைவி மகளிடம் கேட்டாள்.

"நம்பர் ஏதும் கேட்டுச்சா அந்தத் தம்பி?"

"பெரியவங்க பேசிக்கட்டும்மா," என்றாள் மகள்.

இன்ஜினியர் படித்தும் இப்படி அடக்கமாகப் பேசுகிறாளே என்று மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறுநாள் பாசாரில் மீன்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு வாரம் போனது. போன் வரவில்லை. அடுத்த வாரமும் பாதி ஓடியது. மனைவியின் பேச்சு வடையில் உப்புக் கூடியதில் தொடங்கி, மெல்ல மெல்ல மகள் கட்டியிருந்த புடவையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஆள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்தான்.

"என்னண்ணே, போன மூடி வெச்சிட்டீங்களா? நேத்துலேர்ந்து அடிக்கிறேன். அந்தப் பொம்பளதான் வந்து மலாய்ல பேசுது, இந்த நம்பர் சர்வீஸ்ல இல்லன்னு."

எடுத்துப் பார்த்தேன். போனில் விளக்கு எரிந்தது, மணி காட்டியது. மேல் மூலையில் இருக்க வேண்டிய கோடுகள் இல்லை. சில நாட்களாகவே குலுக்கல் செய்திகளும் ராசி நிறமும் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்பெனிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒரு பொருள் கெட்டுப்போனதற்காக நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான். பஸ்ஸில் வீடு திரும்பும்போதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் போனை மேசைமேல் வைத்து, "இது செத்துப் போய் எத்தன நாளாச்சோ தெரியல" என்றேன். மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவங்க அடிச்சிருப்பாங்க."

"அடிச்சிருப்பாங்க."

"கடவுளே. நாமதான் வேணாம்னு சொல்லிட்டோம்னு அவங்க நெனச்சிருப்பாங்க."

மகள் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூடியைக் கழற்றி சிம் கார்டை வெளியே எடுத்தாள், மறுபடி போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, "சிம் மாத்தணும்பா. ஷாப்புக்குப் போகணும்," என்றாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். எனக்கும் வந்தது. வீட்டில் இன்னும் இரண்டு போன்கள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டு நம்பர் என் போனிலேயே பதிவாகியிருந்தது. மனைவியின் போனிலிருந்து அடித்து, எங்கள் லைன் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே படுத்துவிட்டது.

"நாமளா அடிக்கிறதா? நம்ம பொண்ணு என்ன விக்காத சாமானா? லைனச் சரி பண்ணுங்க. அவங்க அடிப்பாங்க."

எனக்கும் உள்ளுக்குள் அதுதான் சரி என்று பட்டது. ஆகவே நாங்கள் ஒரு போன் அடிப்பதைவிட, ஒரு கம்பெனியோடு சண்டை போடுவது சுலபம் என்று முடிவு செய்தோம்.

முதலில் மனைவியின் போனிலிருந்து கம்பெனியின் சேவை எண்ணுக்கு அடித்தேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, மாண்டரினுக்கு மூன்று, தமிழுக்கு நான்கு. தமிழ் வைத்திருக்கிறார்களே என்று மனம் நிறைந்து நான்கை அழுத்தினேன். பாட்டு வந்தது. என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் அழகான தமிழில் சொன்னாள். மறுபடி பாட்டு. அவள் மறுபடி சொன்னாள். சோறு வடித்து, குழம்பு கொதித்து, சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு ஒருவர் எடுத்தார். அவர் மலாய் பேசினார். தமிழ் பேசுகிறவர் இன்று விடுப்பு என்றார். புகாரை ஆப்பில் பதிவு செய்யுங்கள், சுலபம் என்றார்.

மகள் தன் போனில் அந்த ஆப்பை இறக்கித் தந்தாள். என் நம்பரைப் போட்டேன். நான்தான் அந்த நம்பரின் சொந்தக்காரன் என்று உறுதி செய்ய அந்த நம்பருக்கே ஒரு குறியீட்டு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த நம்பர் செத்துவிட்டது என்று புகார் செய்ய வந்தேனோ அந்த நம்பருக்கு. மேசைமேல் கிடந்த என் போனைப் பார்த்தேன். அது மணியைக் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. அன்றைக்கு நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மகள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

சனிக்கிழமை அவளே காரில் என்னைக் கம்பெனியின் கடைக்கு அழைத்துப் போனாள். நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், முகத்தில் நல்ல சிரிப்பு. என் அடையாள அட்டையை வாங்கி இயந்திரத்தில் சொருகினாள், திரையைப் பார்த்தாள், சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தாள். மலாயில் சொன்னாள்.

"அங்கிள், இந்த நம்பர் உங்க பேர்ல இல்லையே."

"பின்ன யார் பேர்ல இருக்கு?"

"அத நான் சொல்லக் கூடாது. அது அவரோட சொந்த விவரம்."

நான் இத்தனை வருடமாகப் பேசி, காசு கொடுத்து ரீலோடு போட்டு, பிறந்த நாள் வாழ்த்து வாங்கிய நம்பர் இன்னொருவருடையதாம். அந்த இன்னொருவர் வந்து கட்டைவிரலை வைத்தால்தான் என் பெயருக்கு மாற்றித் தர முடியும். அவர் யார் என்று அவள் சொல்ல மாட்டாள். நான் சொன்னால் ஆமாம் என்றாவது சொல்வாயா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். தலையை ஆட்டலாம் என்று நினைக்கிறேன் என்றாள். என் மனைவியின் பெயரைச் சொன்னேன். இல்லை. என் அண்ணன் பெயர். இல்லை. மச்சான் பெயர். இல்லை. பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர் எழுந்து வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். செத்துப் போன என் அப்பாவின் பெயரையும் சொன்னேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

"அப்பா," என்றாள் மகள், "இந்த நம்பர மொதல்ல எங்க வாங்கினீங்க?"

அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தார்.

ஜெலுத்தோங் மார்க்கெட் ஓரத்தில் ஒரு சின்னக் கடை வைத்து போனும் ரீலோடு கார்டும் விற்றுக்கொண்டிருந்த தமிழ் முஸ்லிம் அவர். நம்பர்களை எல்லாம் அடையாள அட்டையோடு பதிந்தாக வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன சமயத்தில் நான் அவர் கடைக்குப் போயிருந்தேன். அட்டை என் வேலைச் சட்டையில், சட்டை வீட்டில். பாய் பெரிய மனசுக்காரர். "பரவால்லண்ணே, என்னோட ஐசி கார்டுல போட்டுடறேன், அப்புறம் வந்து மாத்திக்குங்க" என்றார். மாற்றுவதற்கு என்ன அவசரம் என்று நானும் இருந்துவிட்டேன். ஜெலுத்தோங்கில் பாதிப் பேருக்கு அவர் அப்படித்தான் உதவி செய்திருப்பார்.

பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் பெரிய பாரம் இறங்கியவள் மாதிரி தலையை ஆட்டினாள். சீனக் கிழவர் என் முதுகில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

பாய் இப்போது போன் விற்பதில்லை. அதே வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். நாங்கள் போனபோது மீன் கறிச் சட்டியின் முன்னால் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என் பேர்ல எத்தன பேரு பேசிட்டு இருக்காங்கன்னு எனக்கே தெரியலண்ணே. ஒரு தடவ போலீஸ்காரனே வந்துட்டான், எவனோ கடன்காரன மெரட்டுனான்னு. உங்களது அர்ஜண்டா?"

"மகளோட கல்யாண விஷயம் பாய்," என்றேன்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. உச்சி நேரக் கூட்டம் ஓயட்டும் என்றார். எங்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, எங்கள் காரிலேயே ஏறினார். வழி முழுக்க அவரும் நானும் கம்பெனியை மாற்றி மாற்றித் திட்டினோம். போன் விற்றவர் என்பதால் அவருக்கு என்னைவிட விஷயம் தெரிந்திருந்தது. அந்தக் கம்பெனி பெயரை மாற்றிய கதை, நிறத்தை மாற்றிய கதை, ஒவ்வொரு முறையும் கடைக்காரர்களின் தலையில் பழைய கார்டுகளைக் கட்டிவிட்டுப் போன கதை. மகள் காரை ஓட்டிக்கொண்டே நடுநடுவே எடுத்துக் கொடுத்தாள். "அந்த ஆப்பு கதையச் சொல்லுங்கப்பா," என்பாள். நான் சொல்வேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது கொஞ்சம் வளர்ந்தது.

கவுண்டரில் பாயின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. வருடக்கணக்காகச் சட்டி கழுவி, சூட்டில் வெந்து, ரேகை தேய்ந்திருந்தது. அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். மகள் கைப்பையிலிருந்து ஏதோ களிம்பை எடுத்துத் தடவினாள். இடது கை, வலது கை, மறுபடி இடது கை என்று பாய் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது. நம்பர் எனக்குச் சொந்தமானது.

அடுத்து போன். புதிய கார்டை என் பட்டன் போனில் போட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையிலேயே மலிவாக இருந்த ஒன்றை மகள் வாங்கி, பழையதிலிருந்த நம்பர்களையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள். பழையதைப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், பூமியைக் காப்போம் என்று எழுதி. எங்கள் கையிலிருந்து பிடுங்கியவர்களே அப்படி எழுதி வைத்திருப்பதைப் பாய்க்குக் காட்டினேன். அவர் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேசினோம்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். புதுப் போனைச் சாமி மேடையில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். அவள் போனிலிருந்து எனக்கு அடித்துப் பார்த்தாள், கணீரென்று கேட்டது. தொழிற்சாலை நண்பனும் அடித்தான். குலுக்கலில் மோட்டார் சைக்கிள் காத்திருப்பதாகச் செய்தி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது.

அதன் பிறகு நாங்கள் காத்திருந்தோம். முன்பைவிட மோசமான காத்திருப்பு அது. செத்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சுலபம். நன்றாக வேலை செய்கிற போன் பேசாமல் கிடந்தால் அதைப் பார்க்கவே பிடிக்காது. குளிக்கும்போது கதவுக்கு வெளியே வைத்தேன். தொழிற்சாலையில் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும்போது சட்டைப் பையில் வைத்தேன், அது விதிக்கு விரோதம். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி முயற்சி செய்துகொண்டே இருப்பார்கள் என்று மனைவி சொன்னாள். முதல் முறை அடித்து லைன் இல்லாததால் விட்டுவிட்டார்கள் என்றால் இன்னொரு நாள் பார்த்து அடிப்பார்கள் என்றாள். அடுத்த வாரம் அவள் அதைச் சொல்வதை நிறுத்தினாள். பையனின் அம்மா அன்று வராந்தாவில் செருப்பைப் போடும்போது நம் மகளின் காலைப் பார்த்ததாக ஒரு நாள் சாயங்காலம் சொன்னாள். நான் ரிமோட்டைத் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி பாசாருக்குப் போயிருந்தாள். மகள் கூடத்தில் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நானே அடித்துக் கேட்டுவிடுவது என்று போனை எடுத்தேன். புதுப் போனில் மாப்பிள்ளை வீட்டு நம்பரைத் தேடத் தெரியவில்லை.

"அந்தப் புக்கிட் மெர்தாஜாம் நம்பர எடுத்துக் குடும்மா," என்றேன். "அம்மா வர்றதுக்குள்ள பேசிடறேன். நாம வேணும்னே போன எடுக்கலைன்னு நெனச்சிட்டு இருப்பாங்க, பாவம். லைன் போன கதையச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

அவள் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள்.

"வேணாம்பா."

"ஏன் வேணாம்?"

"அவங்க அடிக்கவே இல்ல. அடிக்கவும் மாட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே அவரு எனக்கு மெசேஜ் போட்டுட்டாரு. வீட்ல வயசு அதிகம்னு சொல்றாங்களாம். சாரின்னு சொன்னாரு. நல்ல மாதிரிதான் சொன்னாரு."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். கவுண்டரும் பாயும் கட்டைவிரலும் காரும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன.

"எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் என்னோட அலைஞ்சியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"போன தடவ, அதுக்கு முந்தின தடவ, வீடு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா. நான் ரூம விட்டு வெளிய வந்தா ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திடுவீங்க. நீங்க டிவி சவுண்டக் கொறச்சிடுவீங்க. இந்தத் தடவ எல்லாரும் கம்பெனிக்காரனத்தான் திட்டுனீங்க. மூணு வாரம்பா. யாரும் என்னப் பாவமா பாக்கல. நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."

அவள் அழவில்லை. கணக்கு சொல்வது மாதிரிதான் சொன்னாள். அவள் இஸ்திரியை மறுபடி கையில் எடுத்தாள். எனக்கு அவளைத் தலையில் தொட வேண்டும் போல இருந்தது. முப்பது தாண்டிய பெண்ணை எப்படித் தொடுவது என்று தெரியாமல் அவள் மடித்து வைத்த சட்டைகளை எடுத்து அடுக்கினேன்.

வெளியே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி இரண்டு கையிலும் பைகளோடு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"போன் வந்துச்சா?"

மகள் தலையைத் தூக்கவில்லை. இஸ்திரி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"எங்க வரும்," என்றேன். "இன்னும் லைனே சரியாகல. நம்மகிட்டேர்ந்து போகுது, நம்ம கம்பெனி நம்பர்லேர்ந்து அடிச்சா வருது. வேற கம்பெனிக்காரங்க அடிச்சா உள்ள வர மாட்டேங்குதாம். மறுபடி ஷாப்புக்குப் போகணும்."

மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். பைகளைத் தரையில் வைத்தாள்.

"நாசமாப் போறவனுங்க," என்றாள். "புதுப் போன் வாங்க வெச்சும் இப்படியா?"

"சுத்த மோசம்மா அந்தக் கம்பெனி," என்றாள் மகள். "அப்பா, அடுத்த சனிக்கிழம எனக்கு லீவுதான். போலாம்."